எல்.கே-99: மின்தடையும் விழுந்தது, துண்டும் எழும்பி நின்றது, பிறகு ஏன் மீகடத்தி இல்லை?

படிகம்:
2023 ஜூலையில் தென்கொரியக் குழு அறிவித்த எல்.கே-99 (ஈயம், தாமிரம், பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்) பற்றி ஒரு சந்தேகம். சுமார் 104 டிகிரி செல்சியசில் மின்தடை திடீரென விழுந்தது, காந்தத்தின் மேல் துண்டு ஒருபக்கம் எழும்பி நின்றது. அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்று சொல்ல இந்த இரண்டும் போதாதா?

உலைவாய்:
போதாது. முதல் விஷயத்தில் குற்றவாளி கந்தகம். தயாரிப்பு முறையைப் பாருங்கள். ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் கலந்து 725 டிகிரியில் 24 மணி நேரம் சுடுகிறார்கள். தாமிரத்தையும் பாஸ்பரசையும் வெற்றிடக் குழாயில் 550 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துத் தாமிர பாஸ்பைடு எடுக்கிறார்கள். பிறகு இரண்டையும் அரைத்து, மறுபடி வெற்றிடக் குழாயில் அடைத்து 925 டிகிரியில் 5 முதல் 20 மணி நேரம்.

மூடிய குழாயில் சல்பேட்டின் கந்தகம் எங்கே போகும்? மிஞ்சிய தாமிரத்தோடு சேர்ந்து தாமிர சல்பைடாகிவிடும். அதற்கோ 104 டிகிரியை ஒட்டிப் படிக அமைப்பே மாறும். பெய்ஜிங் இயற்பியல் நிறுவனத்தில் தாமிர சல்பைடைத் தனியாக அளந்தார்கள். குளிரும்போது அங்கே மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் சரிந்தது, ஆனால் சுழியாகவில்லை. ஷ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கந்தகம் இல்லாமல் வளர்த்த எல்.கே-99 தனிப்படிகமோ ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருந்தது. தடை மில்லியன் ஓம் கணக்கில். அப்பட்டமான மின்காப்பான்!

ஓம்விதி:
"சுழி" என்று மீட்டர் காட்டுவதையும் நம்பிவிடக் கூடாது. 10 மில்லி ஆம்பியர் செலுத்தி, 1 மைக்ரோவோல்ட் வரைதான் அளக்க முடியும் என்றால், 100 மைக்ரோ ஓமுக்குக் கீழே எல்லாமே சுழிதான். 5 மி.மீ. நீளம், 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள சாதாரணத் தாமிரத் துண்டின் தடை சுமார் 85 மைக்ரோ ஓம். அதுவும் "மீகடத்தி" ஆகிவிடும்.

நான்கு முனை முறைதான் வேண்டும்: வெளி முனைகள் இரண்டில் மின்னோட்டம், உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம். ஒவ்வொரு அளவீட்டிலும் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, இரண்டு மின்னழுத்த அளவுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுக்க வேண்டும். முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் வரும் மின்னழுத்தம் அதில் கழிந்துவிடும். முனைகளை ஒட்டும் வெள்ளிப் பசை விட்டுப்போனாலோ துண்டு சீராக இல்லாவிட்டாலோ எதிர்மறைத் தடைகூட வரும்.

படிகம்:
சரி, எழும்பி நின்றது?

குளிர்நிலை:
துண்டில் ஃபெரோ காந்தத் துகள் கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், காந்தத்தின் மேல் இரும்புத்தூள் நிமிர்வதுபோல் ஒருமுனை ஊன்றி மறுமுனை எழும்பும். முழுதாக மிதந்தாலும் ஆதாரமில்லை, கிராஃபைட்டும் மிதக்கும். ஒய்பிசிஓ (இட்ரியம், பேரியம், தாமிர ஆக்சைடு) போன்ற மீகடத்தியைக் காந்தத்தின் மேல் வைத்து 77 கெல்வினில் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தால், காந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே இடைவெளியில் தொங்கும்.

காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே தடையை அளந்து பாருங்கள். மீகடத்தியில் அந்தச் சரிவு குறைந்த வெப்பநிலைக்கு நகரும். தாமிர சல்பைடில் அசையாது; ஆனால் சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையிலும் குளிர்விக்கும்போது வேறொன்றிலும் வரும்.