புதுப்பிப்பு: டூவீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் ஓட்டும்) ரிமோட் பக்கி காரில் பின்பக்கம் சுழல்வது

முந்தைய கேள்வி: 1/10 அளவு பக்கி, வளைவு முடிந்து த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் சுழல்கிறது, ஸ்பிரிங் மாற்றியும் பலனில்லை.

காரணம் ஸ்பிரிங் இல்லை, ஸ்லிப்பர் கிளட்ச் (விசை திடீரென ஏறும்போது கொஞ்சம் நழுவி கியர்களைக் காக்கும் பாகம்). அதன் நட் அதிகமாக இறுகியிருந்ததால் ஸ்லிப்பருக்கு முன்பே பால் டிஃப் (இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், குண்டுகள் வைத்த டிஃபரன்ஷியல்) நழுவியிருக்கிறது. அந்தக் குண்டுகள் உருளும் வளையங்களில் தடம் விழுந்து, டிஃப்பைச் சுற்றினால் மணல் போட்டது மாதிரி நெருடியது.

இதைச் சோதிப்பது சுலபம். பின்சக்கரம் இரண்டையும் அசையாமல் பிடித்து, ஸ்பர் கியரை (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) கட்டைவிரலால் தள்ளுங்கள். ஸ்பர் மட்டும் சுற்றினால் சரி. அதன் தண்டும் கூடவே சுற்றினால் நழுவுவது டிஃப்தான்.

வளையங்களைத் திருப்பிப் போடலாம், மறுபக்கம் புதுசாகவே இருக்கும். குண்டுகளை மட்டும் கண்டிப்பாக மாற்றுங்கள். குண்டுகளுக்குச் சிலிக்கான் கிரீஸ், டிஃப் திருகின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ். மாற்றிப் பூசினால் டிஃப் பிடிக்காது. டிஃப் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக, இடையிடையே சுழற்றிவிட்டு இறுக்கவும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் தளரும், மறுபடி பாருங்கள்.

ஸ்லிப்பர்: நின்ற நிலையில் முழு த்ராட்டில் கொடுத்தால் கார் 30 முதல் 60 செ.மீ. ஓடும் வரை 'ஸ்ஸ்' என்று நழுவும்படி அதன் நட்டை வைக்க வேண்டும்.

பின் டோ-இன் (பின்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் கோணம்) 3 டிகிரியிலேயே இருக்கட்டும். பேட்டரியைப் பின்னால் தள்ளினாலும் பிடிப்பு கூடும், ஆனால் முன்சக்கரம் திரும்ப மறுக்கும். அதைக் கடைசியில் தொடுங்கள்.