உடன்பிறப்பு: சொந்தச் சொல்லா, ‘சகோதரன்’ என்பதன் பெயர்ப்பா?

ஏட்டுச்சுவடி: ‘சக’ என்றால் உடன், ‘உதரம்’ என்றால் வயிறு, ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். ‘உடன்பிறப்பு’ அதன் நேர்ப்பெயர்ப்பு என்றே கருதுகிறேன். 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடசொற்களுக்கு ஈடு தேடியபோது உருவாகி, முரசொலியில் கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று விளித்து எழுதிய கடிதங்களால் நிலைபெற்ற சொல் அது.

வைகைக்கரை: கடிதங்களால் பரவியது உண்மை, ஆனால் இயக்கத்தால் உருவானதாகச் சொல்வதற்கில்லை. ‘உடன்பிறந்தார் சுற்றத்தார் என்றிருக்க வேண்டா’ என்கிற மூதுரை அந்த இயக்கத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கன்னடத்தில் ‘ஒடஹுட்டிதவரு’, தெலுங்கில் ‘தோடபுட்டினவாடு’, மலையாளத்தில் ‘கூடப்பிறப்பு’ என்கிறார்கள். இவை எல்லாம் பிறப்பைத்தான் சொல்கின்றன, வயிற்றை அல்ல.

ஏட்டுச்சுவடி: புறநானூற்றின் 183ஆம் பாட்டை மறந்துவிட்டீர்கள். ‘பிறப்போ ரன்ன உடன்வயிற் றுள்ளும்’ என்கிறதே, அந்த ‘உடன்வயிறு’ சகோதரத்தின் அச்சு அல்லாமல் வேறென்ன? பாடியவன் பெயர் ‘ஆரியப்படை கடந்த’ நெடுஞ்செழியன் என்பது வேடிக்கைதான்.

வைகைக்கரை: நல்ல சான்று, ஆனால் ஒத்திருப்பதெல்லாம் கடன் வாங்கியது ஆகிவிடாது. எனக்கு வேறொரு காரணம் வலுவாகப் படுகிறது. நம் உறவுமுறையில் பெரியப்பா மகனும் அண்ணன், சித்தி மகனும் தம்பி. கல்யாணப் பந்தியில் ‘இவன் என் தம்பி’ என்று ஒருவனைக் காட்டினால், பக்கத்து இலைப் பெரியவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ‘கூடப் பிறந்த தம்பியா, சித்தப்பா மகனா?’ என்று கேட்பார். அண்ணன், தம்பி என்ற சொற்கள் இவ்வளவு பேரைத் தழுவிக்கொள்ளும் மொழிக்கு, ஒரு தாய் மக்களைப் பிரித்துச் சொல்ல இன்னொரு சொல் தேவைப்பட்டே தீரும். அந்தத் தேவை சமஸ்கிருதத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

மதில்மேல்பூனை: அப்படியானால் பிரித்துக் காட்டப் பிறந்த சொல்லைக் கொண்டுதான், ரத்தத் தொடர்பே இல்லாத கட்சித் தொண்டரை அழைத்தார்கள். கம்பனின் இராமனுக்கு இந்தச் சொல்லே வேண்டியிருக்கவில்லை; ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ என்று தலைகளை எண்ணிச் சொல்லிவிட்டான்.

ஏட்டுச்சுவடி: பந்தியில் கேட்கிற அந்தக் கேள்வியை நானும் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன், அதனால் ‘கூடப்பிறந்தவன்’ நம் வீட்டுச் சொல் என்பதை ஏற்கிறேன். ‘உடன்வயிறு’ பற்றிய என் ஐயத்தை மட்டும் விடுவதாக இல்லை.