சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும்

பேராவூரணி பக்கத்திலிருந்து:

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த ராத்திரி. விடிந்து பார்த்தால் தோப்பில் நிற்கிற தென்னையை எண்ணிவிடலாம். தெருவில் ஒரு கரண்ட் கம்பம்கூட நேராக இல்லை. எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கரண்ட் வர இருபத்திரண்டு நாள் ஆனது.

அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய 2 கேவிஏ (அதிகபட்சம் 2,000 வாட்) பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. "நம்மகிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பத்துப் பேர் செல்போனும் சார்ஜருமாக வந்து நிற்கிறார்கள், நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறேன். சோக் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கிற குமிழ்) போட்டால் பிடிக்கிறது. சோக்கைத் தள்ளினால் இரண்டு விக்கல், அப்புறம் அமைதி.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, கழற்றி மாட்டி அரைநாள் போனது. பொறி நன்றாகத்தான் வந்தது. மாலையில் வண்டி மெக்கானிக் மாமா ஒருவர் வந்தார். கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பெட்ரோல் எப்ப ஊத்துனது மாப்ள?" டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் நெடி.

சோக் போட்டால் காற்று குறையும், கசிகிற கொஞ்சப் பெட்ரோலிலேயே என்ஜின் ஓடிவிடும். சோக்கை எடுத்ததும் காற்று ஏறி, பெட்ரோல் போதாமல் நிற்கும். அப்படியென்றால் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வருகிற பொடி ஓட்டை போட்ட திருகில், அடைப்பு என்றார். காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டிக் கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓட்டையே தெரியவில்லை. நான் ஊசியை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். "ஓட்டை பெருசாயிட்டா ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும்." ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, நுழைத்து நுழைத்து எடுத்தார். புதுப் பெட்ரோல் ஊற்றி மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

லைட், ஃபேன், செல்போன் எல்லாம் ஓடின. 1 ஹெச்பி நீர்மூழ்கி மோட்டாரைப் போட்டதும் என்ஜின் முக்கி நின்றுவிட்டது. 1 ஹெச்பி என்பது 746 வாட்தான், ஆனால் மோட்டார் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீருக்கு, டிராக்டரில் வந்த வாடகை ஜெனரேட்டர்தான்.

வேளச்சேரியிலிருந்து:

எனக்கு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணீர் ஏறுகிறதே என்று ஜெனரேட்டரைத் தூக்கி கார் ஏறும் சரிவில் வைத்தேன். பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் அணையும். பெட்ரோல் புதுசு, ஸ்பார்க் பிளக் புதுசு. கடைசியில் பார்த்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ஆயில் குறைந்தால் என்ஜினை நிறுத்துகிற சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது! செங்கல் முட்டுக்கொடுத்து மட்டமாக்கினேன், ஓடியது. மழை என்று உள்ளே மட்டும் தூக்கி வைத்துவிடாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

லைன் வேலை பார்த்தவன்:

நீங்கள் இருவரும் வீட்டுக்கு எப்படி இணைப்புக் கொடுத்தீர்கள்? இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு புயலுக்கப்புறம் லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறப்போனோம், டெஸ்டர் எரிகிறது. நாலு வீடு தள்ளி இப்படி ஒரு ஒயர். வீட்டிலிருந்து போகிற 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 ஆகிவிடும் என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் ஏறியிருந்தால் இதை எழுத நான் இல்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்; ஈ.பி., ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும்தான் அது வீட்டோடு சேர்க்கும்.

பேராவூரணி:

நான் அன்றைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் அண்ணே, வீட்டு லைனில் கொடுக்கவில்லை. இப்போது சுவிட்ச் போடலாம் என்றிருக்கிறேன். 2 கேவிஏதானே, 16 ஆம்பியர் போதாதா?

லைன் வேலை பார்த்தவன்:

ஜெனரேட்டரைப் பார்த்து வாங்காதீங்க தம்பி, வீட்டு மெயினைப் பார்த்து வாங்குங்க. கரண்ட் இருக்கிற நாளில் ஈ.பி. லோடு மொத்தமும் அது வழியாகத்தானே போகும்.