கால்கரியில் வெந்நீர் வண்டி: ஜன்னல் துடைக்கும் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு

நேற்று ராத்திரி ஒரு தம்பி கேட்டிருந்தார். பெங்களூரிலிருந்து கனடாவில் இருக்கும் கால்கரிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஜன்னல் துடைக்கும் கம்பெனி ஒன்றில் பகுதிநேர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "வண்டியிலேயே ஹீட்டர் இருக்கு, வெந்நீர்தான் வரும், குளிரே தெரியாது" என்றார்களாம். போகலாமா என்பது கேள்வி.

போகலாம். ஆனால் குளிரே தெரியாது என்று சொன்ன ஆள் வண்டிக்குள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறவராகத்தான் இருப்பார்.

நான் பெங்களூர் கே.ஆர்.புரத்துக்காரன். அவுட்டர் ரிங் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கி நாலு வருஷம் துடைத்தவன். அப்புறம் கால்கரியில் ஐந்து குளிர்காலம் இதே வேலை. இப்போது திரும்பி வந்து இங்கேயே ஆறு பேரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். 14 டிகிரிக்கே மங்கி கேப்பைத் தேடுகிற ஊர் நம்முடையது. இங்கிருந்து போகிற பிள்ளைகள் நவம்பர் பிறந்ததும் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர். நம் ஊரில் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ பட்ட குழாயில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறையைப் பார்க்காதவர் கிடையாது. கண்ணாடியிலும் அதேதான். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். அதனால்தான் வைப்பரால் இழுத்துத் துடைக்கிறோம். அங்கே வீடுகளுக்கும் இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களுக்கும் வேறு முறை. ஆர்.ஓ.வில் வடித்து, மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளில் இன்னொரு முறை வடித்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் தண்ணீர். அதை நீளமான கார்பன் ஃபைபர் கழிக்குள் ஓடும் குழாய் வழியாக நுனியில் இருக்கும் பிரஷுக்கு அனுப்புவார்கள். தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். படிய உப்பே இல்லாததால் காய்ந்தாலும் கறை இருக்காது. இதற்கு "வாட்டர் ஃபெட் போல்" (water-fed pole) என்று பெயர். நான் கழி என்றே சொல்கிறேன்.

இந்தத் தண்ணீரைச் சூடாக்குவது எதற்கு? பனி உருகக் கண்ணாடியில் ஊற்றுவதற்கு என்றுதான் புதிதாக வருகிற எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்தச் சூடு குழாய்க்காக. வண்டியிலிருந்து கழி வரைக்கும் ஐம்பது அறுபது மீட்டர் குழாய் பனித்தரையில் கிடக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பிழைக்கும், இரண்டு நிமிஷம் நின்றால் உள்ளேயே உறைய ஆரம்பிக்கும். குளிரில் குழாய் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து, சுற்றவும் வராது பிரிக்கவும் வராது. வெந்நீர் ஓடினால் வளையும். பிரஷ் முடியில் ஐஸ் கட்டாது. பறவை எச்சம், சமையல் புகைப் பிசுக்கு இரண்டும் சீக்கிரம் கழன்றுவிடும். வெறும் தூசிக்குச் சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நாங்கள் ஹீட்டரில் 55 டிகிரி வைப்போம். பிரஷில் வந்து சேரும்போது வெதுவெதுப்புதான் இருக்கும். மீதிச் சூட்டை வழியிலேயே பனி தின்றுவிடும். இன்னும் சூடாக வை என்று கேட்டால் நடக்காது, ஏனென்றால் கணக்கு இடிக்கும். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை 4 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற ஏறக்குறைய 5 கிலோவாட் வேண்டும். நம் வீட்டு கீசர் 2 கிலோவாட். அதாவது இரண்டரை கீசர் முழு மூச்சில் ஓட வேண்டும். வண்டியில் இருப்பது ஒரு டீசல் ஹீட்டர். பாவம், அது என்னதான் செய்யும். தண்ணீரின் வேகத்தைக் குறைத்தால்தான் சூடு நிற்கும்.

ஹீட்டர் எப்போதும் ஆர்.ஓ.வுக்குப் பிறகுதான் இருக்கும். 45 டிகிரியைத் தாண்டினால் ஆர்.ஓ.வுக்குள் தண்ணீரை வடிக்கும் சவ்வு, அதாவது மெம்பரேன், பாழ். குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்தாலும் அது மந்தமாகிவிடும். 25 டிகிரியில் தருவதில் பாதிதான் 5 டிகிரியில் தரும். ராத்திரியெல்லாம் கிடங்கில் டேங்க் நிரம்பிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். உறைந்துவிட்டால் மெம்பரேனைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே சாயங்காலம் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வண்டியைச் சூடான கேரேஜில் விடாமல், குழாயில் மிச்சமிருப்பதை வடிக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். மறுநாள் காலை திட்டு உங்களுக்குத்தான்.

சரி, கண்ணாடி உடைந்த கதை.

என் இரண்டாவது வாரம். பழைய வீடு, மரச்சட்டம், ஒற்றைக் கண்ணாடி. வெளியே -15 இருக்கும். கீழ் ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஐஸ் ஒட்டியிருந்தது. கழியை எடுக்கச் சோம்பல்பட்டு, வண்டிக் குழாயிலிருந்து நேராக ஒரு பக்கெட் பிடித்துக்கொண்டு வந்து அதன் மேல் ஊற்றினேன். ஆவி எழுந்து ஒன்றுமே தெரியவில்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விரல் சொடுக்கியது மாதிரி. ஆவி விலகியதும் பார்த்தால் இடது கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு வளைந்து வளைந்து நடுக்கண்ணாடி வரை போயிருந்தது. உள்ளே சோபாவில் படுத்திருந்த பூனை எழுந்து வந்து அந்தக் கோட்டை முகர்ந்து பார்த்தது. வீட்டுக்காரம்மாவுக்கு முன் அதற்குத்தான் தெரிந்தது.

சாதாரணக் கண்ணாடி ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் வரைதான் சுமாராகத் தாங்கும். ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் அதுகூடத் தாங்காது. டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினமாக்கியது என்றால் 200 வரை போகும். ஆனால் வீட்டு ஜன்னலில் எது இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கண்ணாடி டம்ளரில் சூடான காபி ஊற்றும் முன் அம்மா ஒரு ஸ்பூனை உள்ளே போடுவாள் இல்லையா? அது தெரிந்தே வளர்ந்தவன் -15 குளிரில் நின்ற கண்ணாடியில் 55 டிகிரித் தண்ணீரைக் கொட்டினேன். வெளிக்குளிருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் 70. கம்பெனி அந்தக் காசை என் சம்பளத்தில் பிடித்தது. அது சரியா தவறா என்று சண்டை போட அன்றைக்கு எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். புது வீட்டு மூன்றடுக்குக் கண்ணாடிதான் சீக்கிரம் உறையும், பழைய ஒற்றைக் கண்ணாடி தாமதமாக உறையும். ஒற்றைக் கண்ணாடி வழியே வீட்டுச் சூடு வெளியே கசிகிறது, அது கண்ணாடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கிறது. மூன்றடுக்கில் சூடு உள்ளேயே நின்றுவிடும், வெளிக்கண்ணாடி தெருவின் குளிரிலேயே இருக்கும். அதனால் புது வீடென்றால் வெயில் வந்த பிறகு தெற்கு முகத்தில் ஆரம்பியுங்கள். வடக்கு முகத்தைக் கடைசியில் பாருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வெந்நீர் சீக்கிரம் உறையுமா, பச்சைத் தண்ணீர் சீக்கிரம் உறையுமா என்று வண்டியில் ஒரு சண்டை நடக்கும். அதில் தலையிடாதீர்கள், மத்தியானம் வரை இழுப்பார்கள்.

கண்ணாடியைவிட எனக்குப் பயம் தரையில்தான். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் கீழேதான் வருகிறது. வெந்நீராக வந்தது நடைபாதையில் ஐந்து நிமிஷத்தில் பளிங்காகிவிடும். கருப்புத் தார் மேல் படிந்தால் கண்ணுக்கே தெரியாது. மற்றவர் விழுந்தால் கேஸ், நீங்கள் விழுந்தால் இடுப்பு. கதவுப் படி, கார் நிற்கும் சரிவு, பக்கத்து வீட்டு நடைபாதை மூன்றையும் முதலில் பார்த்துவிட்டுக் கழியைத் தூக்குங்கள். உப்பு எடுத்துப் போங்கள், ஆனால் -10க்குக் கீழே சாதாரண உப்பு சொன்ன பேச்சைக் கேட்காது, பொடிக்கல் தூவினால்தான் பிடிப்பு கிடைக்கும். முடித்துவிட்டு அந்த வழியாக நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.

கால்கரிக்கென்று ஒரு கோணல் உண்டு. ராக்கி மலையைத் தாண்டி சினூக் என்ற சூடான காற்று வரும். காலையில் -20, மதியம் தண்ணீர் சொட்டும். அன்றைக்குப் போன் நிற்காது, ஊரே ஜன்னல் துடைக்கக் கூப்பிடும். ஆனால் காற்று நின்றதும் உருகியதெல்லாம் திரும்ப உறையும். வண்டியில் 600 லிட்டர் என்றால் 600 கிலோ உங்கள் முதுகுக்குப் பின்னால் அலம்பிக்கொண்டே வருகிறது. பிரேக் போட்டாலும் அது நிற்காது. புதிதாகப் போனவர்கள் முதல் குளிர்காலத்தில் அந்த வண்டியை ஓட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் இருந்தாலும்.

உடம்பு. கழியை மேலே தூக்கினால் தண்ணீர் கழி வழியே இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக்குள் புகுந்து அக்குள் வரை வரும். வரும்போது வெதுவெதுப்பு, இரண்டு நிமிஷத்தில் ஐஸ். கழியில் கை பிடிக்கும் இடத்துக்கு மேலே பழைய துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், பாதி துன்பம் தீரும். உள்ளே மெல்லிய நைட்ரைல் கையுறை, மேலே தண்ணீர் புகாத தடித்த கையுறை. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த ஆறு பனியனையும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையலாம் என்பது கனடா வானிலைத் துறையின் கணக்கு. விரல் வெளுத்து மரத்துப்போனால் வெந்நீர் பக்கெட்டில் கையை விடத் தோன்றும். விடாதீர்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வண்டிக்குள் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், தேய்க்க வேண்டாம். கதவைச் சாத்தி டீசல் ஹீட்டர் பக்கத்தில் தூங்கவும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

---

கீழே வந்த கேள்விகளுக்கு:

"-20இல் என்ன செய்வார்கள்?" என்று ஓசூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். கழியை உள்ளே வைத்துவிட்டு மாப், வைப்பர், பக்கெட்டோடு கடைக் கண்ணாடிகளுக்குப் போவோம். பக்கெட்டில் காருக்கு ஊற்றுகிற நீலநிற வாஷர் திரவத்தைக் கலப்போம். அதில் மெத்தனால் இருப்பதால் உறையாது. விஷம், தீயும் பிடிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கட்டடத்துக்குள் பயன்படுத்தாதீர்கள், ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள். மாப்பை நன்றாகப் பிழிந்து, சின்னச் சின்னப் பரப்பாக நனைத்து உடனே இழுத்துவிட வேண்டும். வைப்பர் ரப்பர் குளிரில் கெட்டியாகிக் கோடு போடும். மாற்று ரப்பரைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் +15 பாலங்கள் உண்டு. தெருவுக்கு 15 அடி மேலே போவதால் அந்தப் பெயர். அந்தப் பாலங்களின் உள்பக்கக் கண்ணாடி வேலை வந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டையோடு நின்று துடைக்கலாம்.

"ஸ்டூடன்ட் வீசாவில் செய்யலாமா?" கனடாவில், படிப்பு நடக்கும் காலத்தில், கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் என்று 2024 நவம்பரிலிருந்து வரம்பு. சினூக் வாரத்தில் முதலாளி இன்னும் இரண்டு வீடு என்பார். மணியைக் குறித்து வையுங்கள், மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான். லண்டன் போன ஒரு தங்கையும் கேட்டிருந்தார்: அங்கே ஸ்டூடன்ட் வீசாவில் சுயதொழில் கூடாது. ஜன்னல் துடைக்கிற பலர் அங்கே சுயதொழில்காரர்களாகத்தான் ஓடுகிறார்கள். "நீயே பில் போட்டுக் கொடு" என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள் அம்மா.

கையில் காசு கொடுக்கிற இடம் பற்றி: சம்பளச் சீட்டு இல்லாவிட்டால், அடிபட்ட பிறகு அங்கே வேலை செய்தேன் என்று நிரூபிக்கவே அலைய வேண்டும். ஆல்பர்ட்டாவில் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தில் கணக்கு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஆபத்தான வேலையை மறுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கார்பன் கழியில் கரண்ட் பாயும். மின்கம்பிக்குக் கீழே தூக்கச் சொன்னால் அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.

"அண்ணா, கயிற்றில் தொங்கிய உங்களுக்கு எது கஷ்டம், இதுவா அதுவா?" இங்கே கயிற்றில் தொங்கும்போது கீழே ரோட்டில் டிராஃபிக் நகராமல் நிற்பதை வேடிக்கை பார்க்கலாம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, காது மட்டும் வலிக்கும். காதை மூடும் தொப்பியை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள், சிவாஜி நகரில் கிடைப்பது நம் டிசம்பருக்குத்தான் சரி. அங்கே போய் முதல் சம்பளத்தில் வாங்குங்கள்.