சரியாக 12 காரணிகள் உள்ள எண்கள்: எண்ணும்போது எங்கே பிழைக்கிறது?

வெள்ளவத்தை_கணிதம் எழுதியது:

வணக்கம். ஒலிம்பியாட் பயிற்சிக்கு வரும் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கொடுத்த கணக்கு இது: 200 இற்கு மேற்படாத நேர் நிறைவெண்களில், சரியாக 12 காரணிகள் கொண்டவை எத்தனை? (1 உம் அந்த எண்ணும் காரணிகளாகவே கொள்ளப்படும்.)

எண்ணை முதன்மை எண்களின் வலுக்களாக உடைத்து, சுட்டிகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும் என்ற சூத்திரம் எல்லாருக்கும் பாடம். ஆனாலும் விடைத்தாள்களில் 9, 14, 23 என்று மூன்று விடை வந்திருக்கிறது. 14 தான் சரி. மற்ற இரண்டும் எப்படி வருகின்றன என்று அவர்களுக்கே விளங்கும்படி காட்ட ஒரு ஒழுங்கான வழி வேண்டும்.

இரண்டாவது: 16 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண்ணுக்குப் பாதிப்பேர் 210 என்று எழுதுகிறார்கள். விடை 120. பட்டியல் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள், ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

---

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

எண்ணை விட்டுவிட்டு முதலில் வடிவத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். 12 ஐ ஒன்றிலும் பெரிய எண்களின் பெருக்கமாக எத்தனை விதமாக எழுதலாம்? 12, 6×2, 4×3, 3×2×2. நான்கே நான்கு. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் சுட்டிகள் வரும். ப, க, ர வெவ்வேறு முதன்மை எண்கள் என்றால் வடிவங்கள் இவை: ப¹¹, ப⁵×க, ப³×க², ப²×க×ர.

ப¹¹ இன் மிகச் சிறிய பெறுமானமே 2048. அதை வெட்டிவிடலாம்.

ப⁵×க: 32 இனால் பெருக்க 3, 5 மட்டும்தான் இடம் கொள்ளும்: 96, 160. 243 எல்லைக்கு வெளியே. ஆக 2.

ப³×க²: 8×9 = 72, 8×25 = 200, 27×4 = 108. ஆக 3. இந்த 108 ஐத்தான் அநேகம் பேர் விடுகிறார்கள்.

ப²×க×ர: வர்க்கமாக வரும் முதன்மை எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். 4 என்றால் மீதிப் பெருக்கம் 50 இற்கு மேற்படாது, இரண்டும் ஒற்றை முதன்மை எண்கள்: 15, 21, 33, 39, 35. அதாவது 60, 84, 132, 156, 140. 9 என்றால் 22 இற்கு மேற்படாது, 3 இருக்கக் கூடாது: 10, 14, 22. அதாவது 90, 126, 198. 25 என்றால் 8 இற்கு மேற்படாது: 6 மட்டும், 150. 49 இற்கு மீதி 4 தான், ஒன்றும் இல்லை. ஆக 9.

2 + 3 + 9 = 14.

இனி உங்கள் 9. ப < க < ர என்று மனதுக்குள் ஒரு நிபந்தனையைப் போட்டுக்கொண்டவரின் விடை அது. சூத்திரத்தில் முதலில் எழுதிய எழுத்துத்தான் சிறிய முதன்மை எண் என்று நினைத்துவிடுகிறார். அப்படிச் செய்தால் 108 போகும், 90, 126, 198, 150 உம் போகும். 14 இல் 5 போனால் 9. விடைத்தாளில் 2 இன் வர்க்கம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

23 இதற்கு நேரெதிர். ப²×க×ர இல் க உம் ர உம் ஒரே சுட்டி உடையவை. இடம் மாற்றினால் அதே எண். 4×3×5, 4×5×3 இரண்டையும் எண்ணியவருக்கு 9 ஆனது 18 ஆகி 2 + 3 + 18 = 23. சுட்டி வேறென்றால் இடமாற்றம் வேறு எண் தரும், சுட்டி ஒன்றென்றால் தராது. இந்த ஒரு வரியைச் சொன்னால் இரண்டு பிழையும் நிற்கும்.

வடிவம் பிடிபடுவதற்குப் பிள்ளைகளுக்கு பஸ் இலக்கங்களைக் கொடுத்துப் பாருங்கள். 101 முதன்மை எண், 2 காரணிகள். 155 = 5×31, 177 = 3×59, இரண்டுக்கும் 4. 138 = 2×3×23, 154 = 2×7×11, இரண்டுக்கும் 8. 100 = 2²×5², அதற்கு 9. 120 = 2³×3×5, அதற்கு 16. 177 ஐ விட 100 இற்குக் காரணிகள் கூட என்பதை ஒருமுறை பார்த்தால் போதும், எண்ணின் பருமனைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் விட்டுப்போகும்.

---

வெள்ளவத்தை_கணிதம் எழுதியது:

நன்றி, 9 எழுதிய தாள்களில் நீங்கள் சொன்னபடியேதான் 108 இல்லை. எல்லை 1000 என்றால் ஒவ்வொன்றாக எழுதாமல் வழி உண்டா?

---

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

உண்டு. மு(ய) என்பது ய இற்கு மேற்படாத முதன்மை எண்களின் எண்ணிக்கை என்று வையுங்கள். எல்லை ந.

ப⁵×க வடிவத்துக்கு ஒவ்வொரு ப இற்கும் மு(ந/ப⁵) ஐக் கூட்டி, க = ப ஆன தருணங்களை, அதாவது ப⁶ ≤ ந ஆனவற்றைக் கழிக்க வேண்டும். ந = 1000: மு(31.25) = 11, மு(4.1) = 2, கூட்ட 13. 2⁶ = 64 உம் 3⁶ = 729 உம் எல்லைக்குள், எனவே 13 − 2 = 11.

ப³×க² இற்கு மு(√(ந/ப³)) ஐக் கூட்டி, ப⁵ ≤ ந ஆனவற்றைக் கழியுங்கள். ப = 2, 3, 5 இற்கு முறையே 5, 3, 1, கூட்ட 9. 32, 243 இரண்டையும் கழிக்க 7. இந்தக் கழித்தலை மறந்தால் 2⁵ போன்றவை உள்ளே புகுந்துவிடும். அவற்றுக்கு 6 காரணிகள்தான்.

ப²×க×ர தான் கையால் அலுப்பு. ந/ப² இற்கு மேற்படாத, இரு வெவ்வேறு முதன்மை எண்களின் பெருக்கங்களை எண்ணி, ப ஐக் கொண்டவற்றைக் கழிக்க வேண்டும். 200 இல் ப = 2 இற்கு 13 − 8 = 5, ப = 3 இற்கு 6 − 3 = 3, ப = 5 இற்கு 1. மேலே வந்த அதே 9. 1000 இற்கு இந்தப் பகுதியைக் கணினியிடம் விடுவேன்.

---

தெகிவளை_சுட்டி எழுதியது:

210, 120 பிரச்சினைக்கு வருகிறேன். 16 = 2×2×2×2 என்று முதன்மைக் காரணிகளாக உடைத்து, 2×3×5×7 என்று போடுகிறார்கள். உடைத்தது சரி, முழுக்க உடைத்தால்தான் சிறிய எண் வரும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

விலை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணிகளின் எண்ணிக்கையை 8 இலிருந்து 16 ஆக இரட்டிக்க வேண்டும், கையில் இருப்பது 2×3×5 = 30. 7 ஐப் புதிதாகச் சேர்த்தால் எண் 7 மடங்காகும். 2 இன் சுட்டியை 1 இலிருந்து 3 ஆக்கினாலும் இரட்டிக்கும் (2 என்பது 4 ஆகிறது), எண் 4 மடங்குதான் ஆகும். 4 மலிவு. விடை 120.

2 இன் வலுவாக உள்ள எண்ணிக்கைகள் எல்லாவற்றுக்கும் இது அப்படியே செல்லும். விலைப்பட்டியல்: 2, 3, 4, 5, 7, 9, 11, 13, 16, 17... முதன்மை எண்கள், அவற்றின் வர்க்கங்கள், நான்காம் வலுக்கள், இப்படி ஏறுவரிசையில். முதல் எத்தனையைப் பெருக்குகிறீர்களோ அத்தனை தடவை இரட்டிக்கும். 2, 6, 24, 120, 840, 7560, 83160: இவை முறையே 2, 4, 8, 16, 32, 64, 128 காரணிகளுக்கு மிகச் சிறியவை. இது இராமானுஜன் 1915 இலேயே எழுதியது.

ஆனால் மற்ற எண்ணிக்கைகளுக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். 24 ஐ எடுங்கள். முழுக்க உடைத்தால் 2²×3×5×7 = 420. 7 ஐ எறிந்துவிட்டு 2 இன் சுட்டியை 2 இலிருந்து 5 ஆக்கினால் விலை 8, 3 இன் சுட்டியை 1 இலிருந்து 3 ஆக்கினால் விலை 9. இரண்டும் 7 ஐ விடக் கூட, எனவே 420 தான் என்று நின்றுவிடுவார்கள். உண்மை விடை 360 = 2³×3²×5. இங்கே இரண்டு சுட்டிகள் ஒரேயடியாக மாறுகின்றன, ஒன்றை மட்டும் தொட்டுப் பார்த்தால் அகப்படாது. அதனால் 24 இன் ஏழு பிரிப்புகளையும் எழுத வேண்டும்: 24, 12×2, 8×3, 6×4, 6×2×2, 4×3×2, 3×2×2×2. ஒவ்வொன்றிலும் பெரிய சுட்டியைச் சிறிய முதன்மை எண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கடைசி நான்கும் 864, 480, 360, 420. முதல் மூன்றும் ஆயிரத்துக்கு மேல்.

இராமானுஜன் பேர் வந்ததால் ஒன்று. தன்னிலும் சிறிய எந்த எண்ணையும் விடக் காரணிகள் கூடிய எண்களின் நீண்ட பட்டியல் ஒன்றை அதே 1915 இல் வெளியிட்டார் (1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120...). அதில் 293318625600 மட்டும் விடுபட்டுப் போனது. அது 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. காரணிகள் 7×5×3×3×16 = 5040. கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பெருக்கல் பயிற்சி.

---

பம்பலப்பிட்டி_நிரல் எழுதியது:

விடைகளைச் சரிபார்க்க நிரல் எழுதுபவர்களுக்கு.

1 இலிருந்து 10⁶ வரை எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றால் காரணிப்படுத்தவே வேண்டாம். ஒவ்வொரு இ இற்கும் அதன் மடங்குகளின் பெட்டியில் ஒன்றைக் கூட்டுங்கள். மொத்தம் ஏறத்தாழ 1.4 கோடி கூட்டல், சி++ இல் கண் மூடித் திறக்க முன் முடிந்துவிடும். பிறகு 12 உள்ள பெட்டிகளை எண்ணினால் சரி.

ஒரே ஒரு பெரிய எண் என்றால் வர்க்கமூலம் வரை வகுப்பது வழமை. இதில் இரண்டு பொறி. வகுத்து முடிந்தபின் 1 இலும் பெரிய மீதி நின்றால் அது ஒரு முதன்மை எண், அதுவரை கிடைத்த காரணி எண்ணிக்கையை 2 ஆல் பெருக்க வேண்டும். அதை மறந்தால் 138 இற்கு 8 வராது, 4 தான் வரும். மற்றது, 32 பிட் மாறியில் இ×இ ≤ ந என்று சோதித்தால் 46341 இல் பெருக்கம் வழிந்துவிடும். 64 பிட் எடுங்கள்.

10¹⁸ வரை போகும் எண்ணுக்கு வர்க்கமூலம் வரை போவது வீண். கனமூலம் போதும்: 10⁶ வரையுள்ள 78498 முதன்மை எண்களாலும் வகுத்து நீக்குங்கள். எஞ்சியதில் 10⁶ இலும் பெரிய முதன்மைக் காரணிகள் மட்டுமே இருக்கும். அப்படி மூன்று இருந்தால் பெருக்கம் 10¹⁸ ஐத் தாண்டும். ஆகவே அதிகபட்சம் இரண்டு. எஞ்சியது 1 என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், முதன்மை எண் என்றால் 2 ஆல் பெருக்குங்கள், முதன்மை எண்ணின் வர்க்கம் என்றால் 3 ஆல், மற்றபடி 4 ஆல். அந்த இரண்டும் எவை என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை.

முதன்மையா என்று பார்க்க மில்லர்–ராபின் சோதனை. 2 இலிருந்து 37 வரையான 12 முதன்மை எண்களையும் அடியாக எடுத்தால் 64 பிட் எல்லைக்குள் விடை நிச்சயம். இடைப் பெருக்கத்துக்கு 128 பிட் தேவை. வர்க்கமா என்று பார்க்கையில் தசம வர்க்கமூலத்தை நம்ப வேண்டாம், கிடைத்த நிறைவெண்ணையும் அதற்கு முன்பின் உள்ளவற்றையும் திரும்ப வர்க்கித்துப் பாருங்கள். பைதனில் நிறைவெண் வர்க்கமூலம் தனியாகவே இருக்கிறது.

சோதனைக்கு: 1 இற்கு 1. 999966000289 (999983 இன் வர்க்கம்) இற்கு 3. 1000006000009 (1000003 இன் வர்க்கம்) இற்கும் 3. இதற்கு 4 வந்தால் வர்க்கச் சோதனை வேலை செய்யவில்லை. 999985999949 இற்கு 4. 735134400 இற்கு 1344.