நம்ம குடும்பம்: ராணிக்கு என்ன?

சித்தப்பா: நம்ம குதிரை ராணி இன்றைக்கும் நடுங்குகிறாள். தோள், பின்னங்கால் எல்லாம்.

அத்தை: சாப்பிட்டாளா?

சித்தப்பா: தொட்டி காலி. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. வீடியோ போட்டிருக்கிறேன்.

பெரியப்பா: தசைப்பிடிப்புதான். ஓய்வு கொடு.

மீனா: அப்படித் தெரியவில்லை பெரியப்பா. தசைப்பிடிப்பு பெரும்பாலும் ஓடவிட்ட பிறகு வரும். குதிரை அசைய மறுக்கும், சில சமயம் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இவள் நிற்கும்போதுதான் நடுங்குகிறாள், நடந்தால் தேவலை. நாலு காலையும் வயிற்றுக்கடியில் குவித்து நிற்கிறாள், தலை தொங்குகிறது, வாலடி தூக்கியிருக்கிறது. இயக்க நரம்பணு நோயோ என்று பயமாக இருக்கிறது. குதிரைகளில் இதை முதலில் விவரித்ததே 1990இல்தான். மாதக்கணக்கில் பச்சைப் புல் இல்லாமல் காய்ந்த புல்லே தின்றால் உடம்பில் வைட்டமின் ஈ வற்றிவிடும். தசையை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் சாகும், தசை கரையும்.

அத்தை: பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? மேய்ச்சல் நிலத்தைத்தான் விற்றாகிவிட்டதே.

பெரியப்பா: அது இப்போது எதற்கு? எல்லோரும்தானே கையெழுத்துப் போட்டோம்.

அத்தை: நான் கடைசியாகப் போட்டேன்.

சித்தப்பா: முதலில் குதிரையைப் பார்ப்போம் 🙏

பாபு: டெட்டனஸ் இல்லையே?

மீனா: டெட்டனஸில் வருவதுபோல் மூன்றாம் இமை (கண்ணின் உள்மூலைச் சவ்வு) கண்ணை மூடவில்லை, உடம்பும் விறைக்கவில்லை. தளர்ந்துதான் போயிருக்கிறாள்.

பாபு: அப்போ வைட்டமின் ஈ வாங்கி வரட்டுமா?

மீனா: பொறு! முதலில் ரத்தம் எடுக்கட்டும். முன்பே கொடுத்துவிட்டால் அளவு ஏறிக் குறை மறைந்துவிடும். குழாயில் வெளிச்சம் படாமல் சுற்றி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிகே, ஏஎஸ்டி நொதிகளின் அளவும் கேளுங்கள். வாலடித் தசையில் ஒரு துணுக்கும் எடுக்கச் சொல்லுங்கள் சித்தப்பா. ஓயாமல் உடம்பைத் தாங்கும் நார்கள் அங்கே அதிகம், இந்த நோய் அடிப்பதும் அவற்றைத்தான். தொடையில் எடுத்தால் கண்ணில் படாமலே போகலாம்.

அத்தை: வாலிலா? உதைப்பாளே!

சித்தப்பா: மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள் அக்கா.

அத்தை: எனக்கும் கை நடுங்குகிறது. அந்த ஈ எனக்குக் கேட்குமா?

பாபு: போன மாதமே டாக்டரிடம் போகச் சொன்னேன் அத்தை.

பெரியப்பா: மீனா, இதுதான் என்றால் குணமாகுமா?

மீனா: ஈ கொடுத்தால் சில வாரங்களில் பல குதிரைகளுக்கு நடுக்கம் குறையும். செத்த நரம்பணு திரும்பாது. சவாரி இனி வேண்டாம்.

பெரியப்பா: மேய்ச்சலுக்கு இடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அத்தை: யாரிடம்? வாங்கினவரிடமா?

பெரியப்பா: சாயங்காலம் பேசுகிறேன்.

சித்தப்பா: டாக்டர் நாளைக்கு வருகிறார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பாபு: எத்தனை மணிக்கு?

சித்தப்பா: சொல்லவில்லை.