புதுப்பிப்பு: சோதனைப் பிரிவில் பழகுநராக ஐந்து மாதங்கள்

சென்னையிலுள்ள ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் பழகுநராகச் சேரலாமா, ஓராண்டு வீணாகிவிடுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், சேர்ந்துவிட்டேன்.

பிறர் எழுதிய டெஸ்ட் கேஸ்களை (எதை உள்ளிட்டால் என்ன வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்புகளை) எக்செல் தாளைப் பார்த்து ஓட்டுவதிலேயே முதல் மாதம் கழிந்ததால், வீணாகிவிடும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது முழுப் பொய்யல்ல.

பிறகு சோதிப்பதற்கு ஒரு காப்பீட்டுப் படிவம் வந்தது. வயது 18 முதல் 60 வரை இருக்கலாம் என்ற கட்டத்தில் 25, 40 என்று கொடுத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாக எழுதிவிட்டேன். குழுவில் மூத்தவரான அக்கா 17, 18, 60, 61 ஆகிய நான்கையும் இட்டுப் பார்க்கச் சொன்னார். 60 ஏற்கப்படவில்லை: நிரலில் '60-க்குக் குறைவு' என்று மட்டும் எழுதி, 'அல்லது சமம்' என்பதை விட்டிருந்தார்கள். பிழைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவில் நான் பதிந்த முதல் உருப்படியான பக் (பிழை) அதுதான். (முன்னர்ப் பதிந்த மூன்றும் 'எங்களிடம் அந்தப் பிழை வரவில்லை' என்று திரும்பின, ஏனென்றால் எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு என்று நான் குறிப்பிடவே இல்லை.)

உதவித்தொகை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய, பயிற்சிக்குப் பின் வேலை தர வேண்டிய கட்டாயம் 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி நிறுவனத்துக்கு இல்லை. என்னுடைய ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை.